கிட்டாரின் வயிறும் சமச்சீர்க் கல்வியும்

தேவசகாயம் அங்கிள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வலது கையை அதன் மேல் போட்டார். எடுத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு மறுபடி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் திரும்பியிருந்த நேரம். பூனேயின் கட்கியில் அவர்கள் வீட்டு முன்னறை முழுக்க ஆப்ப வாசனை. வெளியே யாரோ கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர் மகன் ரூபனும் சோபா நுனியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போல் உட்கார்ந்திருந்தோம்.

அங்கிள் ஒரு கீர்த்தனையின் முதல் அடியை வாசித்தார். இரண்டாவது அடியில் பாதி வாசித்தார். உள்ளங்கையால் கம்பிகளை அணைத்து நிறுத்தினார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

எழுந்து போய்க் கிட்டாரைச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்துவிட்டு, ஆப்பம் ஆறுகிறதே என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். பிடித்துவிட்டதே என்று ரூபனின் தொடையில் தட்டினேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“அரே முருகா, எங்கப்பா ‘நல்லா இருக்கு’ன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். ‘நல்லாத்தான் இருக்கு’ன்னா கதம், முடிஞ்சுது. என் பி.காம். ரிசல்ட்டுக்கும் இதான் சொன்னாரு.”

இரண்டே எழுத்து. ‘தான்’. ஒரு கிட்டாரைக் கொல்ல அது போதும்.

சுவரில் சாய்ந்திருந்தது இரவல் கிட்டார். எங்களுடைய கடைசி நம்பிக்கை அதுதான். அங்கிள் வருஷக்கணக்காக வாசித்துவந்த பழைய கிட்டார் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அந்த வீட்டை விட்டுப் போகிறது. அதன் பிறகு கோயிலில் வாசிக்கப் போவதில்லை, பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களோடு பாடப் போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். “முதுகும் வலிக்குல்லா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ரூபனை நடுங்க வைத்தது அந்தச் சிரிப்பு.

கத்தரிக்காய்க் கடையில் கேட்ட குரல்

ஔந்து வாடகை வீட்டில் நாங்கள் நான்கு பேர் ஒரே குளியலறைக்கு வரிசை கட்டி நின்ற கதையை இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். ரூபனுக்குக் கோபம். நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பூனேயில் பிறந்து வளர்ந்தவன், கடைப் பலகையைத் தாண்டித் தமிழ் படிக்க வராது. “என்னைய எந்த வாரம் கொண்டுவருவே?” என்று கேட்டான். இதோ, இந்த வாரம்.

அவர்களை நான் கண்டுபிடித்தது காதால். வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள் கட்கி மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கத்தரிக்காய்க்காரரிடம் சரளமாக மராத்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பேரம் படியவில்லை. பையை மடித்துக்கொண்டே, “என்னமா கொள்ளையடிக்கான்” என்று முணுமுணுத்தார்.

அடிக்கான்! எங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ‘கான்’. அதைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. நான் பின்னாலேயே ஓடி, அண்ணாச்சி, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டேன்.

“கிர்க்கி” என்றார். பழைய ஆட்கள் கட்கியை அப்படித்தான் சொல்வார்கள்.

சொந்த ஊர் என்று இழுத்தேன். “நாசரேத் பக்கம்னு எங்க தாத்தா சொல்லுவாவ. நான் பார்த்ததில்ல. நீ பார்த்திருக்கியா, எப்படி இருக்கும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். பார்க்காத ஊரின் பேச்சு ஒரு மனிதரின் வாயில் அப்படியே இருந்தது. நடுநடுவே ஹிந்தியும் மராத்தியும் வந்து உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். கத்தரிக்காய் வாங்காமலே என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். லில்லி ஆன்ட்டி சோறு போட்டார்கள். அண்ணாச்சி அங்கிள் ஆனார். அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். பஸ்ஸை நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவார். நான் படித்து, பூனேயில் கார் உதிரிப்பாகங்களை அளக்கும் வேலைக்கு வந்தேன். ஒளியைப் பாய்ச்சி ஒரு பொருளின் மேடுபள்ளத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்கேனர். என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, ஸ்கேன் எடுக்கிற வேலை என்று சொல்லிவிட்டேன்.

அது போதும். ஊர் முழுக்க நான் ஆஸ்பத்திரியில் இருப்பதாகப் பேச்சு. இன்றைக்கும் எங்கள் தெருவில் யாருக்குச் சிறுநீரகக் கல் வந்தாலும் எனக்குத்தான் முதல் போன் வரும். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்வேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

வந்து எடுத்துக்கிடுதேன்

அந்தப் பழைய கிட்டார் அங்கிளுடையது அல்ல. சிக்கலே அதுதான்.

அங்கிளும் ஜெயசிங் என்ற அவருடைய நண்பரும் வாலிப வயதில் ஒரு பேண்ட் வைத்திருந்தார்கள். கல்யாணம், கிறிஸ்துமஸ், கன்டோன்மென்ட் பார்ட்டி எல்லாவற்றிலும் வாசித்தார்கள். பம்பாயில் ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து ஜெயசிங் வாங்கியது அந்தத் தங்க நிற எலக்ட்ரிக் கிட்டார். மேல்நாட்டில் ஒரு பெரிய கம்பெனி, நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, கொஞ்சமாகச் செய்து விற்ற வகை. கம்பெனி பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும் என்று விட்டுவிடுகிறேன்.

ஜெயசிங் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது கிட்டாரை அங்கிளிடம் கொடுத்து, “பாத்துக்கோ, வந்து எடுத்துக்கிடுதேன்” என்றாராம். அங்கிள் பார்த்துக்கொண்டார். கல்யாணம் செய்தார், ரூபன் பிறந்தான், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வும் பெற்றார். அதுவரையிலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன வருஷம் மழை விட்ட சமயம் ஜெயசிங்கிடமிருந்து போன். கிறிஸ்துமஸுக்கு வருகிறாராம். பேத்தி கிட்டார் கற்றுக்கொள்கிறாளாம். எடுத்துக்கொண்டு போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்.

“உன் பொருளுக்கு எங்கிட்ட என்னலே கேள்வி?” என்றார் அங்கிள். போனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்து அதன் பூட்டுகளுக்கு எண்ணெய் விட்டார்.

அவர் பக்கமும் நியாயம், இவர் பக்கமும் நியாயம். இந்தக் கதையில் திட்டுவதற்கு ஆளே இல்லை. ரூபன் அன்று திட்டியது விமானத்தைக் கண்டுபிடித்தவர்களை.

இரண்டு வயிறு

ரூபன் பி.காம். படித்துவிட்டுக் கிட்டார் ரிப்பேர் செய்கிறவன். வீட்டின் பின்னறைதான் பட்டறை. பாணேரில் இருக்கும் என் டீம் லீட் அனிகேத்திடம் அதே கம்பெனியின், அதே தங்க நிறக் கிட்டார் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் புதியது. பழைய மாடலை அதே மாதிரி மறுபடி செய்து விற்பதை ரீஇஷ்யூ என்கிறார்கள். புத்தகத்துக்கு மறுபதிப்பு மாதிரி. அதை இரவல் வாங்கி, அங்கிளுக்குப் பிடித்தால் அதே போல் ஒன்று தேடலாம் என்று யோசனை. அது எப்படி முடிந்தது என்பதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

ஆப்பம் சாப்பிட்டுவிட்டு ரூபன் இரண்டு கிட்டார்களையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினான். இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“இங்கன வா. படுத்துப் பாரு” என்றான்.

கட்டிலருகே தரையில் முழங்காலிட்டுக் கண்ணைக் கிட்டாரின் மட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சம் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்போது தெரிந்தது.

இந்த வகைக் கிட்டாரின் மேல்பலகை தட்டையாக இருக்காது. கவிழ்த்து வைத்த ஆப்பம் மாதிரி நடுவில் மெல்ல உப்பியிருக்கும். ரூபன் அதை வயிறு என்பான். விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஓர் இறக்கம் இருக்கும். அதை அவன் நாலி என்பான். ஹிந்தியில் சாக்கடை. நான் வாய்க்கால் என்று திருத்திப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை.

மறுபதிப்பில் நாலி ஒடுக்கம். விளிம்பிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மரம் விறுவிறுவென்று ஏறி, மேலே போய்க் கிட்டத்தட்டத் தட்டையாகிவிடுகிறது. ஜிம்முக்குப் போகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வயிறு. பழையதில் நாலி அகலம். எங்கே இறக்கம் முடிகிறது, எங்கே ஏற்றம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் வயிறு.

அந்தக் காலத்தில் மாதிரிக் கட்டையைப் பின்பற்றி வெட்டும் இயந்திரம் முக்கால் வேலையைச் செய்யுமாம். மிச்சத்தை ஓர் ஆள், ஓடுகிற உப்புத்தாள் பட்டையில் மரத்தைப் பிடித்து உருட்டி உருட்டி முடிப்பாராம். சாப்பாட்டுக்கு முன்னால் உருட்டியதும் பின்னால் உருட்டியதும் ஒன்றாக இருக்காது. பிற்பாடு கம்ப்யூட்டர் வெட்ட ஆரம்பித்தது. எல்லாம் ஒரே அச்சு. இப்போதைய மறுபதிப்புகள் சிலவற்றுக்குப் பழைய கிட்டார்களையே அளக்கிறார்களாம். அனிகேத்தினுடையது அதற்கு முந்தியது.

ரூபன் தன் கையைப் பழைய கிட்டாரின் மேல் விளிம்பில் வைத்துக் காட்டினான். வாசிக்கிறவரின் முன்கை கிடக்கும் இடம் அது. கை நாலிக்குள் இறங்கி அடங்கியது. மறுபதிப்பில் வைத்தான். கை மேட்டில் ஏறி நின்றது. அங்கிள் ஏன் சட்டைக் கையைச் சுருட்டினார் என்று எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

“அரே, வேறொண்ணு தேட வேண்டாம்” என்றான் ரூபன். “இதையே நாம செய்வோம்.”

அவனிடம் மேப்பிள் பலகை இருந்தது. என்னிடம் ஸ்கேனர் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு நாளும் இருந்தது.

லில்லி ஆன்ட்டியின் பவுடர்

அனிகேத் பெரிய மனசுக்காரர். விடுமுறை நாளில் அலுவலகக் கருவியைப் பயன்படுத்த அனுமதி வாங்கிக் கொடுத்தார். கட்கிக்கே கொண்டுவந்தேன்.

பளபளப்பான பொருளை ஸ்கேனருக்குப் பிடிக்காது. ஒளி சிதறிவிடும். கார் பாகங்களுக்கு வெள்ளை ஸ்ப்ரே அடிப்போம். பழைய பூச்சின் மேல் அதை அடிக்க ரூபன் விடவில்லை. என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது லில்லி ஆன்ட்டி தன் முகப்பவுடர் டப்பாவையும் மெல்லிய பிரஷ்ஷையும் கொண்டுவந்து வைத்தார்கள். கிட்டாருக்குச் சந்தனப் பவுடர் பூசினோம்.

அங்கிள் எட்டிப் பார்த்து, “பொண்ணு பார்க்க யாரும் வாராவளோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் திட்டத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தடுக்கவும் இல்லை.

அன்று அம்மா போனில் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். கிட்டாரை ஸ்கேன் எடுக்கிறேன், வயிற்றுப் பக்கம் என்று உண்மையைச் சொன்னேன். “எய்யா, அதுக்கு என்ன நோவு?” என்றாள்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அந்தக் கிட்டாரிலிருந்து சந்தன மணம் வந்தது. முன்பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

சமச்சீர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான் நடுநிலைப் பள்ளியில் படித்தபோது தமிழ்நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் வந்தது. சமச்சீர்க் கல்வி என்று பெயர். பணக்காரப் பள்ளியின் பையன் படிக்கும் அதே புத்தகம் என் கையிலும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அட்டையில் இருந்த வார்த்தையின் மேலேயே எனக்கு ஒரு மரியாதை. கணக்குப் புத்தகத்துக்குள்ளும் அதே வார்த்தை வந்தது: சமச்சீர் கோடு. ஓர் உருவத்தை அந்தக் கோட்டில் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்த வேண்டும். வண்ணத்துப்பூச்சி பொருந்தும். அரசிலை பொருந்தும். நான் ஊரில் எதைப் பார்த்தாலும் மனசுக்குள் மடித்துப் பார்த்தேன். பொருந்தியவை எல்லாம் சரியானவை. பொருந்தாதவற்றில் ஏதோ கோளாறு. வேலைக்கு வந்த பிறகும் அதுதான் நடந்தது. கார் பாகத்தின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும்.

கிட்டாரின் வயிறு திரையில் வந்தது. நடுக்கோட்டில் மடித்தேன். பொருந்தவில்லை.

கை கிடக்கும் பக்கம் நாலி அதிக அகலமாக இருந்தது. அதே பக்கம் நடு வயிறு ஒரு துளி கூடுதலாக உப்பியிருந்தது. கை படுகிற இடத்தில் தங்கப் பூச்சு போய் மரம் தெரிந்ததைப் பார்த்திருந்தேன். ஆகவே இது தேய்மானம் என்று முடிவு செய்தேன். உப்பல்? மரம் ஈரத்தில் ஊதியிருக்கும். இரண்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நல்ல பாதியை எடுத்து, கண்ணாடியில் காட்டுவதுபோல் மறுபக்கத்துக்குத் திருப்பி ஒட்டினேன். சின்னச் சின்ன மேடுபள்ளங்களையும் நீவிவிட்டேன். திரையில் அது அவ்வளவு அழகாக இருந்தது.

போசரியில் தெரிந்த ஒரு பட்டறையில் கொடுத்து மேப்பிள் பலகையை வெட்டினோம். வெட்டும்போது லேசாக வெல்லம் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. ரூபன் பலகையைக் குழந்தையைப் போல் துணியில் சுற்றித் தூக்கிவந்தான்.

மறுநாள் மதிய உணவு வேளையில் அனிகேத்துக்கு என் கணினியில் அந்த உருவத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“யே தோ மேரா வாலா ஹை” என்றார். இது என்னுடையதாயிற்றே.

இல்லை, பழையதை அளந்ததுதான் என்று சொன்னேன். பழையதை அளந்ததைக் காட்டு என்றார். நான் திருத்துவதற்கு முந்தைய உருவத்தைத் திறந்தேன். இரண்டையும் பார்த்துவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் விளக்கினார். இந்தக் கிட்டார்களைக் கையால் உருட்டினார்கள், எதுவுமே இரண்டு பக்கமும் ஒன்றாக வராது. மறுபதிப்புக்காரர்கள் அதைச் சுத்தம் செய்தார்கள். நீயும் அதையே செய்திருக்கிறாய், அதுவும் யாரும் கேட்காமலே.

அங்கிளுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மறுபடி செய்திருக்கிறேன். பலகையோ ஒன்றுதான். அதையும் வெட்டியாயிற்று.

மத்ததை இறக்கு

சாயங்காலம் கட்கிக்குப் போய் ரூபனிடம் விஷயத்தைச் சொன்னேன். சமச்சீர் கோட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று பார்த்தேன். அவன் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தான்.

திட்டாமல் விட்டது அவன்தான். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த அங்கிள் விடவில்லை.

“அப்போ கிட்டாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டேன்னு சொல்லு” என்றார்.

லில்லி ஆன்ட்டி உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்திருக்கக் கூடாத நேரத்தில்.

ரூபனுக்கு நிலவரத்தை விளக்கினேன். நாலியை அகலமாக்குவது சுலபம். இன்னும் கொஞ்சம் வெட்டினால் போதும். ஆனால் அதே பக்கம் வயிறு இன்னும் மேலே வர வேண்டும். வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அவன் பலகையைத் தரைக்கு இணையாகக் கண்ணுக்கு நேரே பிடித்தான். ரொம்ப நேரம் பிடித்திருந்தான்.

“வயித்தைத் தூக்க முடியாது. சரி. மத்ததையெல்லாம் இறக்கு.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பலகையின் முகத்தை மொத்தமாகவே ஒரு படி தாழ்த்தி, திருத்தாத உருவத்தை அதற்குள் வெட்டுவது. குறையும் கனத்தை அடியில் ஒட்டும் மரத்தில் கூட்டிக்கொள்ளலாம். அது இன்னும் அறுக்காமல் கிடந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளிம்பில் மயிரிழை மிஞ்சியது. பி.காம். படித்தவன், வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைப்பான் போல.

மறுபடி போசரி. இம்முறை எதையும் மடிக்கவில்லை, நீவவில்லை. தேய்மானம், ஊதல், அந்தக் காலத்து ஆளின் கை எங்கே அழுத்தியதோ, எங்கே விட்டுப்பிடித்ததோ, எல்லாவற்றோடும் அப்படியே வெட்டினோம். வெட்டி முடித்த பலகையைப் பார்த்தால் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருப்பது போலிருந்தது.

பின்னறையில் ரூபன் அதற்கு உப்புத்தாள் போட உட்கார்ந்தான். கை பழக்கத்தில் அந்தக் கோணலான இடத்தை நேராக்கப் போனது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ சொல்லுதியாக்கும்” என்றான்.

கோணல்

ஜெயசிங் அங்கிள் வந்தார். நல்ல உயரம், கையில் லேசான நடுக்கம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இருவரும் பழைய பேண்ட் ஆட்களில் யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பாதி சிரிப்பு, பாதி அழுகை. லில்லி ஆன்ட்டி வைத்த டீ ஆறிப் போயிற்று.

பழைய கிட்டாரைக் கட்டிலில் வைத்திருந்தோம். பக்கத்தில் எங்களுடையது. தங்க நிறம் வேண்டாம் என்று ரூபன் மரத்தின் நிறத்திலேயே மெருகு போட்டிருந்தான். சமையலறைப் பலகை மாதிரி இருக்கிறது என்று அங்கிள் அதற்குள் பலமுறை சொல்லியிருந்தார். ஆனால் வாசித்துப் பார்க்கவில்லை. ஜெயசிங் வந்து போகட்டும் என்றே தள்ளிக்கொண்டு வந்தார்.

ரூபன் விருந்தாளிக்கு எல்லாவற்றையும் விளக்கினான். ஜெயசிங் குனிந்து, தன்னுடைய கிட்டாரை முதன்முறையாக மட்டத்திலிருந்து பார்த்தார்.

“இது கோணயா இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதேடே, சகாயம்.”

“கோணன்னா வச்சுட்டுப் போ” என்றார் அங்கிள்.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த இடத்தில் ஜெயசிங் கொஞ்சம் சீரியஸாக, வேண்டுமானால் வைத்துக்கொள்ளேன், பேத்திக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். ரூபனுக்கு முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அங்கிள் தலையை ஆட்டினார். “சின்னப் பிள்ளைகிட்ட சொல்லியாச்சுல்லா. கொண்டு போ.”

அவரே கிட்டாரைத் துடைத்தார். அவரே பெட்டியில் வைத்தார். பூட்டுகள் சத்தமில்லாமல் மூடின. லோஹேகாவ் விமான நிலையத்துக்குப் போகும் டாக்ஸியில் பின் சீட்டில், ஆள் உட்காருகிற இடத்தில் பெட்டியை வைத்து பெல்ட் போட்டுவிட்டார். டாக்ஸி திரும்பும் வரை நின்றார். பிறகு உள்ளே போய்ச் செய்தி பார்த்தார்.

எங்கள் கிட்டார் கட்டிலிலேயே கிடந்தது. அன்றைக்கும் தொடவில்லை. அடுத்தடுத்த நாள்களும் இல்லை. ரூபன் தினமும் எனக்கு ஒரே குறுஞ்செய்தி அனுப்பினான்: இன்னும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். பஸ் கிடைக்கவில்லை. வாசலில் செருப்பை விடும்போது உள்ளே பாட்டு தொடங்கியிருந்தது. கிட்டார் சத்தம் கேட்டது. யாராவது இளைஞர் வாசிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அங்கிள்தான். சட்டைக் கை மணிக்கட்டு வரை இறங்கி, பொத்தான் போட்டபடியே இருந்தது. கை நாலிக்குள் கிடந்தது.

நன்றாக வாசித்தார் என்று எழுத ஆசைதான். மூன்றாம் சரணத்தில் தப்பான இடத்துக்குப் போய்விட்டார். சபை ஒரு பக்கம் போக, கிட்டார் வேறு பக்கம் போயிற்று. அங்கிள் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த அடிக்குள் எப்படியோ போய்ச் சேர்ந்துகொண்டார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ரூபனும் நானும் அவரைச் சுற்றி நின்றோம். எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குள் அவரே ஆரம்பித்தார். கழுத்துக் கனம், சத்தம் இன்னும் பச்சையாக இருக்கிறது, மெருகு கையில் ஒட்டுகிறது, மூன்றாம் சரணத்தில் காலை வாரிவிட்டது. கேட் வரைக்கும் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

“கம்பி ரொம்ப மெலிசுலே” என்றார் ரூபனிடம். “வார ஞாயித்துக்கிழமைக்குத் தடிச்சதா மாத்தி வை.”

“சரிப்பா” என்றான் ரூபன். ஸ்கூட்டர் சாவியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற வேறு யாருடைய வண்டியையோ திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.